படத்தின் முதுகில் எழுதியது

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "கல்லூரி நினைவுகள் வேண்டாம், அதைப் பேச பத்துப் பேர் இருக்காங்க. நீங்க அந்தப் படம் திருத்துற சாஃப்ட்வேர் கதையைச் சொல்லுங்க" என்றார். அது பெருமைப்படும் கதை இல்லை. நான் செய்த ஒரு தப்பு, அதை ஒரு மாணவி சரிசெய்த விதம், அவ்வளவுதான். ஆனால் நம் சங்கம் பழைய படங்களைத் திரட்டத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில் அதைச் சொல்லாமல் விட்டால் என் தப்பை உங்களில் இன்னொருவர் செய்வார். அதனால் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய விஷயம். நம் காலத்தில் குரூப் போட்டோ எடுத்தால் ஸ்டுடியோக்காரர் படத்தின் பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் தருவார். கடையின் பெயர், நெகட்டிவ் எண், தேதி. வீட்டுக்கு வந்ததும் அப்பா பென்சிலால் எழுதுவார்: 'இடமிருந்து மூன்றாவது நம்ம பையன்' என்று. முன்பக்கம் முகம், பின்பக்கம் விவரம்.

இன்றைய டிஜிட்டல் படத்துக்கும் ஒரு முதுகு உண்டு. அதற்குப் பெயர் எக்ஸிஃப். ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் 1995-இல் வகுத்த முறை அது. நாம் படம் எடுக்கும் அந்த நொடியிலேயே எந்தக் கேமரா, என்ன தேதி, எத்தனை மணி, லென்ஸ் எவ்வளவு திறந்திருந்தது, கேமரா நிமிர்ந்திருந்ததா படுத்திருந்ததா என்று எல்லாவற்றையும் படக் கோப்புக்குள்ளேயே கேமரா எழுதிவிடுகிறது. செல்போனில் இருப்பிட வசதி திறந்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையையும் எழுதிவிடும். பத்திரிகைக்காரர்கள் படத்தோடு தலைப்பும் பெயரும் அனுப்ப ஐ.பி.டி.சி. என்று தனி முறை வைத்திருக்கிறார்கள். அடோபி நிறுவனம் 2001-இல் எக்ஸ்.எம்.பி. என்று மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தது. ஆக, ஒரே படத்தின் முதுகில் மூன்று பேர் மூன்று மூலையில் எழுதி வைத்திருக்கலாம்.

இவற்றைப் படிக்கவும் திருத்தவும் உள்ள மென்பொருள்களில் பெரியது எக்ஸிஃப்டூல். கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி பெர்ல் மொழியில் எழுதி 2003-இல் வெளியிட்டார். இலவசம். அதில் பொத்தானும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் வேலை நடக்கும். தட்ட வேண்டியதை மேடையில் உச்சரித்துத்தான் காட்ட முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி கதைக்கு வருகிறேன்.

எங்கள் செட்டில் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், எங்கள் செட்டுக்காரர்களுக்குத் தெரியும். எந்தச் சந்திப்பானாலும் கேமராவோடு வருபவன். அதனாலேயே எந்தப் படத்திலும் அவன் இருக்கமாட்டான். முதலில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா, பிறகு செல்போன். அவன் தவறிய பிறகு மலர் வேலைக்காக அவன் மனைவியிடம் படங்கள் கேட்டேன். அந்தத் தங்கச்சி ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "அண்ணே, இதுல எல்லாம் கலந்து கிடக்கு. உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்குங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க, அவர் கடைசியா எடுத்த படம் எது?" என்று கேட்டது.

மொத்தம் 612 படங்கள். வீட்டில் லினக்ஸ் வைத்திருக்கிறேன், உபுண்டு. கறுப்புத் திரையைத் திறந்து, 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று ஒரு வரி. கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியலை அது புதுப்பிக்கும். அடுத்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்-இமேஜ்-எக்ஸிஃப்டூல்-பெர்ல்'. டெபியன், உபுண்டு வகையறாவில் அந்தப் பொட்டலத்தின் பெயர் அதுதான். பெயர் நீளமென்று பயந்துவிடாதீர்கள், வெறும் எக்ஸிஃப்டூல் என்று கேட்டாலும், 'அதற்குப் பதில் இதை எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு குறிப்புச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளும். ஃபெடோராவில் 'பெர்ல்-இமேஜ்-எக்ஸிஃப்டூல்'. மேக்கில் ஹோம்புரூ இருந்தால் 'புரூ இன்ஸ்டால் எக்ஸிஃப்டூல்'. விண்டோஸ்காரர்கள் ஜிப் கோப்பை விரித்து, நிரலின் பெயரில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'ஹைஃபன் கே'யை எடுத்துவிட வேண்டும். கூட வரும் கோப்புறையையும் அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும். நிறுவியதும் 'எக்ஸிஃப்டூல் ஹைஃபன் வெர்' என்று தட்டினால் பதிப்பு எண் வரும். வந்தால் வேலை முடிந்தது.

எனக்கும் வந்தது. ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டதால் நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

படங்களைப் பார்த்தால், 2009 பொங்கல் விடுமுறையில் நாங்கள் ராமேஸ்வரம் போன படங்களில் மட்டும் தேதி தாறுமாறாக இருந்தது. கேமராவில் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கிறது. அதைத் திருத்த 'ஆல்டேட்ஸ் சமம்' என்று போட்டு, 2009 ஜனவரி 15, பகல் 12 மணி என்று எழுதினேன். ஆல்டேட்ஸ் என்றால் எடுத்த தேதி, பதிவான தேதி, திருத்திய தேதி என்ற மூன்றையும் ஒரே அடியில் மாற்றும். அதோடு 'ஹைஃபன் ஆர்' சேர்த்தேன். உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புறைக்கும் போ என்று அர்த்தம். கடைசியில் 'ஓவர்ரைட் ஒரிஜினல்' என்றும் சேர்த்தேன். ஏனென்றால் எக்ஸிஃப்டூல் தானாகவே ஒவ்வொரு படத்தின் பழைய பிரதியையும், பெயருக்குப் பின்னால் 'ஒரிஜினல்' என்று ஒட்டி, பத்திரமாக வைத்துவிடும். 612 படம் 1224 ஆகி இடத்தை அடைக்குமே என்று கணக்குப் பார்த்தேன். என்டர் தட்டினேன்.

ராமேஸ்வரம் கோப்புறையில் நின்று தட்ட வேண்டியதை மேல் கோப்புறையில் நின்று தட்டிவிட்டேன். '612 படங்கள் திருத்தப்பட்டன' என்று திரை ஒற்றை வரியில் சொன்னது. கல்யாணம், காதுகுத்து, மருத்துவமனை, பேரன் பிறந்தது, எல்லாம் 2009 ஜனவரி 15, பகல் 12 மணி. கோப்பின் வெளித் தேதியும் நான் திருத்திய அன்றைய தேதியாகிவிட்டது. நகல் எடுக்கவில்லை. பென் டிரைவிலேயே நேராக வேலை பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷனுடைய பத்து வருஷத்தை ஒரே மத்தியானமாக ஆக்கிவிட்டேன்.

அப்புறம் நான் செய்ததுதான் வேடிக்கை. சாஃப்ட்வேரை எடுத்துவிட்டால் அது செய்ததும் போய்விடும் என்று ஒரு நப்பாசை. 'சூடோ ஆப்ட் ரிமூவ்' என்று தட்டினேன். தொடரவா என்றது, 'ஒய்' அழுத்தினேன். போய்விட்டது. படத்தைத் திறந்தேன், தேதி அப்படியே இருந்தது. சரி, வேரோடு பிடுங்குவோம் என்று 'பர்ஜ்' போட்டேன். தேதி அசையவில்லை. 'ஆட்டோரிமூவ்' போட்டேன். எக்ஸிஃப்டூலுக்குத் துணையாக வந்த சில்லறைப் பொட்டலங்களும் வெளியேறின. தேதி மட்டும் அதே ஜனவரி 15. கடைசியில் கோபத்தில் பெர்ல் மொழியையே நீக்கக் கட்டளை போட்டேன். 'இதோடு இவையும் போகும்' என்று திரையில் ஒரு பக்க நீளத்துக்குப் பட்டியல் வந்தது. அந்த அமைப்பில் பாதி பெர்லைச் சார்ந்து நிற்கிறது. நல்லவேளை, அந்தப் பட்டியலைப் படித்தேன். 'என்' அழுத்திவிட்டு எழுந்து போய் மோர் குடித்தேன்.

மறுநாள் நம் கல்லூரிக்கே வந்தேன். கணிப்பொறித் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, மலர் வேலைக்கு உதவிக்கொண்டிருந்தவள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அது அவள் பெருந்தன்மை. "சார், கத்தரிக்கோலைத் தூக்கிப் போட்டா வெட்டின முடி ஒட்டிக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறுவுவதை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள், நீக்குவதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ரிமூவ் என்றால் நிரலின் கோப்புகள் போகும். அமைப்பு முழுமைக்குமான அமைவுக் கோப்புகள் இருந்தால் அவை தங்கும். வீட்டைக் காலி செய்கிறவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி, திரும்பி வந்தால் பழையபடி குடியேறலாம். பர்ஜ் என்றால் அந்த அமைவுக் கோப்புகளும் போகும். ஆனால் ரெண்டுமே நம் சொந்தக் கோப்புறையைத் தொடாது. நாமே எக்ஸிஃப்டூலுக்கு என்று அங்கே அமைவுக் கோப்பு எழுதி வைத்திருந்தால் அது அப்படியே இருக்கும், நாம்தான் அழிக்க வேண்டும். ஆட்டோரிமூவ் என்பது, இன்னொன்றுக்குத் துணையாக வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாமல் கிடப்பவற்றை அகற்றும். அது காட்டும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அழுத்தக்கூடாது.

மூலக் கோப்பைக் கொண்டுவந்து 'மேக் இன்ஸ்டால்' என்று நாமே நிறுவியிருந்தால் ஆப்டுக்கு அது தெரியவே தெரியாது. ஆப்ட் வைத்தது ஓரிடம், நாம் வைத்தது 'லோக்கல்' என்ற வேறிடம். ஒன்றை நீக்கிவிட்டு, 'இன்னும் வேலை செய்கிறதே, பேய் பிடித்திருக்கிறதா' என்று கேட்பவர்கள் உண்டு. 'விச் ஹைஃபன் ஏ எக்ஸிஃப்டூல்' என்று தட்டினால் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். சில சமயம் நேர்மாறாக, ஒன்றை நீக்கிய பிறகு இன்னொன்று இருந்தும் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று வரும். கறுப்புத் திரையில் நம் கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஷெல் பழைய விலாசத்தை நினைவில் வைத்திருப்பதால் அப்படி. 'ஹாஷ் ஹைஃபன் ஆர்' என்றால் மறந்துவிடும். இன்னொரு வசதி, எக்ஸிஃப்டூலை நிறுவாமலேயே, விரித்த கோப்புறையில் இருந்தபடியே ஓட்டலாம். அப்போது கோப்புறையை அழிப்பதுதான் நீக்குவது, வேறு சடங்கு இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு அவள் சொன்னது: "சார், நீங்க அழிக்கப் பார்த்ததைத்தான் இப்ப முதல்ல திரும்பப் போடணும்." போட்டோம். உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டுமே!

முதுகில் எழுதியிருப்பது ஒன்றுவிடாமல், எது எந்த மூலையில் இருக்கிறது என்ற பெயரோடு பட்டியலிடச் சொன்னாள். படத்துக்கு நூறு வரிக்கு மேல் ஓடியது. அதில் ஒரு வரியில் விரலை வைத்தாள். 'ஜி.பி.எஸ். தேதி'. ஆல்டேட்ஸ் மூன்று தேதிகளைத்தான் மாற்றும், செயற்கைக்கோளிலிருந்து வந்த தேதியையும் மணியையும் அது தொடுவதில்லை. செல்போனில் எடுத்த, இருப்பிடம் திறந்திருந்த 241 படங்களில் அந்த வரி உயிரோடு இருந்தது.

ஆனால் அந்த மணி இந்திய மணி இல்லை, உலகப் பொது நேரம். அதனால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு முன் எடுத்த படம் என்றால் முந்தின நாள் தேதியாகவே இருக்கும். முதலில் ஜி.பி.எஸ். நேரத்தை எடுத்த தேதிக்குப் படியெடுத்தாள், பிறகு 'ஆல்டேட்ஸ் ப்ளஸ் சமம்' என்று போட்டு ஐந்தரை மணி நேரம் நகர்த்தினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'சமம்' என்றால் எல்லாப் படத்துக்கும் ஒரே தேதி. 'ப்ளஸ் சமம்' என்றால் ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து அதே அளவு நகரும், முன்பின் வரிசை கெடாது. ராமேஸ்வரம் படங்களுக்கு நான் செய்திருக்க வேண்டியது ப்ளஸ் சமம். ஒரு கூட்டல் குறி போடாததால் வந்த வினை.

மீதி 371 படங்கள் கேமராவில் எடுத்தவை. அவற்றுக்கு ஜி.பி.எஸ். இல்லை. போனது போனதுதான். கோப்பின் எண் வரிசையை வைத்து எது முன், எது பின் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரிண்ணே, எனக்கு ஞாபகம் இருக்கிறதைச் சொல்றேன், எழுதிக்குங்க" என்று உட்கார்ந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை. 'பெரியவ கல்யாணத்துக்கு முந்தின மாசம்', 'கிணத்துல மோட்டார் மாத்தின வருஷம்' என்று சொல்லச் சொல்ல எழுதினோம். நான் போட்ட பொய்த் தேதியை எடுத்துவிட்டு, குறிப்புப் பகுதியில் அந்த வாக்கியங்களையே தமிழில் போட்டோம். தெரியாத நாளுக்கு ஜனவரி 1 என்று கற்பனையாக எழுதுவதைவிட அது மேல். இதற்கு எக்ஸ்.எம்.பி. குறிப்புதான் சரி, தமிழ் எழுத்து அதில் சிதையாமல் நிற்கும்.

கடைசிப் படமும் கிடைத்தது. செல்போனில் எடுத்தது. ஜி.பி.எஸ். மணி 1.52, ஐந்தரை கூட்டினால் காலை 7.22. ஏதோ கோயில், பேரன், குடும்பப் படம் என்று எதிர்பார்த்தேன். மொட்டை மாடியில் வேட்டியை விரித்துக் காயப்போட்ட வடகம், ஓரத்தில் ஒரு காக்கா. காட்டினேன். "அன்னிக்குக் காலையிலதான் பிழிஞ்சேன். காக்கா வருது பாருன்னு கூப்பிட்டார். விரட்டாம போட்டோ எடுத்திருக்கார் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. நானும் அந்த மாணவியும் காபி ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஜி.பி.எஸ். வரி எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அதே வரி காட்டிக்கொடுக்கவும் செய்யும். 2012 டிசம்பரில் ஜான் மெக்காஃபி, ஆமாம், வைரஸ் தடுப்பு மென்பொருள் மெக்காஃபிதான், போலீஸ் தேட, தலைமறைவாக இருந்தார். அவரைச் சந்தித்த வைஸ் பத்திரிகைக்காரர்கள் வெளியிட்ட படத்தின் முதுகில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தன. அவர் குவாத்தமாலாவில் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் பாதுகாப்பில் பெயர் போனவருக்கே அந்த கதி. ஹாஸ்டல் அறையிலிருந்தும் வீட்டு வாசலிலிருந்தும் படம் எடுத்துப் பொதுவில் போடும் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 'ஜி.பி.எஸ். கோலன் ஆல் சமம்' என்று போட்டுச் சமத்துக்குப் பின்னால் ஒன்றும் எழுதாமல் விட்டால் எக்ஸிஃபில் உள்ள இருப்பிடம் அழிந்துவிடும். அழித்த பிறகு மறுபடி ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள், எக்ஸ்.எம்.பி.யில் ஒரு நகல் ஒளிந்திருக்கலாம். 'ஆல் சமம்' என்று மொத்தமாகத் துடைத்தால் படம் நிமிர்ந்ததா படுத்ததா என்ற குறிப்பும் போய், முதல்வர் படுத்துக்கொண்டு பரிசு வழங்குவார், ஜாக்கிரதை!

இன்னொன்று, மென்பொருளைப் பழசாக விடாதீர்கள். பிறர் அனுப்பும் கோப்பைத் திறந்து படிப்பதுதான் இதன் வேலை. 2021-இல் இதில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். விஷமமாகத் தயாரித்த ஒரு படத்தைப் படிக்கவைத்தால் போதும், நம் கம்ப்யூட்டரில் அவர்கள் கட்டளை ஓடும். 12.24 பதிப்பில் அதை அடைத்தார்கள். டெபியன், உபுண்டுக்காரர்கள் பழைய எண்ணிலேயே ஒட்டுப் போட்டும் தருவார்கள், அதனால் எண்ணைப் பார்த்துப் பதறாமல் ஒழுங்காக அப்டேட், அப்கிரேட் செய்துவந்தால் போதும். பயன்படுத்தாதவர்கள் நீக்கிவிடுங்கள்.

முடிக்கிறேன். பந்தி ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, சாம்பார் வாசனை மேடைக்கு வந்துவிட்டது.

சங்கத்துக்குப் படம் தருகிறவர்களுக்கு நாலு வேண்டுகோள். ஒன்று, முதலில் நகல் எடுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். இரண்டு, எந்தக் கட்டளையையும் ஒரே ஒரு படத்தில் பார்த்துவிட்டுப் பிறகு மொத்தமாகச் செய்யுங்கள், எக்ஸிஃப்டூல் எடுத்து வைக்கும் பழைய பிரதியை எல்லாம் சரி என்று உறுதியாகும்வரை அழிக்காதீர்கள். மூன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் முதுகில் உள்ள எழுத்து அழிந்து வரும், ஆவணமாக அனுப்புங்கள். பொதுவில் போடும் பிரதியில் இருப்பிடத்தை நாங்கள் நீக்கிவிட்டுத்தான் போடுவோம், மூலப் பிரதி சங்கத்தின் அலமாரியில் பத்திரமாக இருக்கும். நான்கு, அச்சுப் படத்தை ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அந்தப் பென்சில் எழுத்து எந்த மென்பொருளாலும் திரும்பக் கிடைக்காது.

மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்களுக்குக் கட்டளை தெரியும், எங்களுக்குப் பெயர்கள் தெரியும். இன்று மாலை நூலகத்தில் 1970, 80களின் குரூப் போட்டோக்கள் நாற்பதுக்கு மேல் வைத்திருக்கிறோம். பாதி முகங்களுக்குப் பெயர் இல்லை. ஆளுக்கு ஒரு பெரியவரைப் பிடித்து உட்காரவைத்து, இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதிவிடுங்கள். இந்த வருஷம் கேட்க முடிகிறவரை அடுத்த வருஷம் கேட்க முடியாமல் போகலாம்.